பேச்சு வாங்கிய வாரம்

பல்கலைக்கழகம் இங்கிலீஷ், ஊர் பிரெஞ்சு, குடியிருக்கும் வீடு யாழ்ப்பாணம். மூன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் முடிச்சூர் ஸ்நேகா. சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் வருஷம் சிவில் படித்துக்கொண்டிருந்தவளை, வருஷத்துக்கு இரண்டே பேரை வெளிநாட்டுக்கு அனுப்பும் திட்டத்தில் பொறுக்கியெடுத்து, ஒரு செமஸ்டருக்குக் கனடாவின் மொன்றியலுக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். இன்னொருவன் அவள் வகுப்பு மகிழன். இரண்டு பேருக்கும் கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். அதில் ஸ்நேகாவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. அவள் அப்பா செல்வராஜ் அதைப் பொருட்படுத்தாமல் ஃப்ளெக்ஸுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

பல்கலைக்கழகம் மலையடிவாரத்தில் இருந்தது. சாம்பல் நிறக் கல் கட்டடங்கள், கூடத்துக்குக் கூடம் தாடி வைத்த வெள்ளைக்காரர்களின் எண்ணெய் ஓவியங்கள். எந்தத் தாடிக்காரர் என்ன செய்தார் என்று ஸ்நேகாவுக்குத் தெரியாது. ஆனால் எல்லோருமே அவளைப் பார்த்து "நீ எப்படி உள்ளே வந்தாய்?" என்று கேட்பதுபோல அவளுக்குத் தோன்றும்.

தங்கியிருந்தது நகரத்தின் ஓரத்தில் லாசால் பகுதியில், செல்வமலர் வீட்டு நிலக்கீழ் அறையில். செல்வமலர் ஒரு கார்டெரியில், அதாவது சின்னப் பிள்ளைகள் காப்பகத்தில், சமையல் வேலை பார்ப்பவள். நாள் முழுக்கக் குழந்தைகளிடம் பிரெஞ்சில் "அலே, மொஞ், மெர்சி" என்று பேசிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அந்தக் கடனைத் தீர்க்கிறவள் மாதிரி யாழ்ப்பாணத் தமிழைப் பொழிவாள். அவள் கணவர் உருத்திரமூர்த்தி அட்டைப்பெட்டி ஆலையில் வேலை செய்தார். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் டிவிக்கு முன்னால் உறங்குவார். இந்தக் கதைக்கு அவரால் ஒரு தொந்தரவும் கிடையாது.

நவம்பர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, ஸ்நேகா புட்டை வாயில் வைத்த நேரத்தில் செல்போனில் மின்னஞ்சல் வந்தது. படித்துவிட்டு மெல்லுவதை நிறுத்தினாள்.

"என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்றாள் செல்வமலர்.

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி. புரொஃபசர் பேசணுமாம். இன்னைக்கே ரூமுக்கு வரச் சொல்லியிருக்காங்க."

செல்வமலர் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "பேசப்போறாவோ? ஏன், நீர் என்ன பிழை விட்டனீர்?"

"பிழையெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா பேசணும்னு…"

"சும்மா ஆரும் பேசுவினமோ? பிழை விட்டாத்தான் பேசுவினம்."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒருவரைப் பேசுவது என்றால் திட்டுவது. சாதாரணமாக உட்கார்ந்து நாலு வார்த்தை சொல்வதற்குப் பெயர் கதைப்பது. சென்னையில் பேசுவது வெறும் பேசுவது. கதை விடுவது என்றால்தான் வம்பு. இரண்டு மாதம் புட்டும் சொதியும் சாப்பிட்டதில் ஸ்நேகாவுக்கு இந்த வித்தியாசம் பிடிபட்டிருந்தது.

"எங்க ஊர்ப் பேசுறது ஆன்ட்டி. கதைக்கிறது," என்றாள்.

"ஓ, கதைக்கவோ? அதை அப்பிடிச் சொல்லுமன். நான் பயந்தெல்லே போனன்!" செல்வமலர் நிம்மதியாக அகப்பையை எடுத்தாள். ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "சரியான குளிர், தொப்பியைப் போடும்," என்று அனுப்பிவைத்தாள்.

ஆனால் அன்றைக்குச் செல்வமலரின் தமிழ்தான் ஜெயித்தது.

புரொஃபசர் ஹார்ட்லி குரலை உயர்த்துகிற மனுஷி அல்ல. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், குட்டைத் தலைமுடி, கண்ணாடி கழுத்துக் கயிற்றில் தொங்கும். நகர்ப்புற நீரியல் பாடம் எடுப்பவர். மழை பெய்தால் நகரத்துத் தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் பாடம். ஸ்நேகாவை உட்காரச் சொல்லிவிட்டு, மேசையின்மேல் அவளுடைய இடைத்தேர்வு விடைத்தாளையும் பாடப் புத்தகத்தையும் அக்கம்பக்கமாக விரித்தார்.

"இதைப் படி. பிறகு இதைப் படி."

இரண்டும் ஒன்றேதான். ஒன்றரைப் பக்கம், அரைப்புள்ளி முற்றுப்புள்ளி உட்பட. ஸ்நேகாவுக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அவள் படித்த பள்ளியில் இப்படி எழுதினால் பக்கத்து வகுப்புக்கு விடைத்தாளைக் கொண்டுபோய்க் காட்டுவார்கள்.

புரொஃபசர் ஒரு வரியில் விரலை வைத்தார். 'மேலே படம் 4.2இல் காட்டியபடி' என்றிருந்தது. "உன் விடைத்தாளில் படம் எங்கே?"

படம் இல்லை. படத்தை யார் மனப்பாடம் செய்தார்கள்? வரியைத்தான் செய்தாள்.

"தேர்வு நடுவே நீ வெளியே போயிருக்கிறாய். கண்காணிப்பாளர் குறித்திருக்கிறார்."

பாத்ரூம் போனாள். குளிர் ஊரில் செல்வமலரின் ஃபிளாஸ்க் முழுவதையும் குடித்துவிட்டுத் தேர்வு எழுதினால் வேறெங்கே போவது? இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று தேடினாள். டீச்சர் முகம் சுருங்கினால் ஒன்றாம் வகுப்பிலிருந்து வாயில் வரும் சொல் ஒன்று உண்டு. அதுதான் வந்தது.

"ஸாரி மேடம்."

"கைபேசியைப் பார்த்தாயா?"

"ஸாரி மேடம். நோ மேடம். ஸாரி."

நம்மூரில் ஸாரி என்றால் 'கோபம் ஆறட்டும் தாயே' என்று அர்த்தம். குற்றம் செய்தவனும் சொல்வான், செய்யாதவனும் சொல்வான். அந்த அறையில் அதற்கு வேறு அர்த்தம் இருந்தது. புரொஃபசர் பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு, தான் ஏமாற்றப்பட்டதாக உணர்வதாகவும், நம்பி வகுப்பில் சேர்த்துக்கொண்டதாகவும், நேர்மை இல்லாத பொறியாளர் கட்டும் பாலம் இடிந்து விழும் என்றும் அரைமணி நேரம் தணிந்த குரலிலேயே சொன்னார். கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது ஸ்நேகாவுக்கு. விஷயம் விசாரணை அதிகாரிக்குப் போகிறது, வெள்ளிக்கிழமை கூப்பிடுவார்கள் என்று முடித்தார்.

சாயங்காலம் லாசாலில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கால்கள் தாமாக நடந்தன. கதவைத் திறந்த செல்வமலர், "என்னவாம்? கதைச்சவவோ?" என்றாள்.

"இல்ல ஆன்ட்டி. உங்க ஊர்ப் பேச்சுதான். பேசிட்டாங்க," என்று சொல்லிச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள் ஸ்நேகா.

மறுநாள் விசாரணை அதிகாரியின் மின்னஞ்சல் வந்தது. இரண்டு வழி இருப்பதாகச் சொல்லியிருந்தார். செய்ததை ஒப்புக்கொண்டால் அந்தத் தேர்வுக்குச் சைபர், ஓர் எச்சரிக்கை, அதோடு சரி. அவளுடைய கல்லூரிக்குத் தெரியப்படுத்த மாட்டார்கள். இல்லை என்று சாதித்து, விசாரணையில் தோற்றால், அந்தப் பாடத்தில் தோல்வி, செமஸ்டர் ரத்து, சென்னைக்கு அறிக்கை. ஃப்ளெக்ஸ் வைத்தவர்களே வந்து கிழித்துப்போடுவார்கள்.

அன்று காலையிலேயே வந்த அம்மாவின் அழைப்பை அவள் எடுக்கவில்லை. எடுத்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். மகள் எடுக்காவிட்டால் அம்மா யாரைக் கூப்பிடுவாள்? செல்வமலரைத்தான். அந்த உரையாடலை இரண்டு பக்கமும் பிறகு கேட்டுச் சேர்த்துப் பார்த்தபோது இப்படித்தான் நடந்திருக்கிறது.

"அக்கா, ஸ்நேகா நல்லா இருக்காளா? போன எடுக்கவே மாட்டேங்கிறா."

செல்வமலருக்குப் பொய் சொல்ல வராது. தாய்க்கு மறைப்பது பாவம் என்றும் நினைத்தாள். "இருக்கிறா, இருக்கிறா. அவவை புரொபசர் கூப்பிட்டு நல்லாப் பேசிப்போட்டா. அரை மணித்தியாலம் பேசினவவாம்."

"அப்படியா! புரொஃபசரேவா?"

"ஓம், பெரிய புரொபசர்தான். பிள்ளைக்குக் கண்ணெல்லாம் கலங்கிப்போச்சு. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

"கலங்காதா பின்னே? எனக்கே கலங்குதேக்கா! நீங்க சொன்னது வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கு."

சாயங்காலம் ஸ்நேகா வந்ததும் செல்வமலர் வியப்போடு சொன்னாள்: "உம்மட அம்மா லேசுப்பட்ட மனுசியில்லை பிள்ளை. புரொபசர் பேசினதெண்டு சொல்ல, மனுசி சந்தோசப்படுறா! இப்பிடிக் கண்டிப்பா வளக்கிறபடியாத்தான் இந்தியாப் பிள்ளையள் படிக்குதுகள்."

ஸ்நேகாவுக்குத் தலை சுற்றியது. போனைத் திறந்தாள். குடும்ப வாட்ஸாப் குழுவில் நாற்பத்துச் சொச்சம் செய்திகள். ஒரு போட்டோவில் அப்பா அம்பத்தூர் ஆபீசில் லட்டு டப்பாவோடு நின்றிருந்தார். கீழே, 'என் மகளை அழைத்து அரைமணி நேரம் பாராட்டிப் பேசிய கனடா பேராசிரியர்! பெருமைமிகு தருணம்!' பெரியப்பா கைதட்டும் பொம்மை ஒன்பது போட்டிருந்தார். அதோடு போகவில்லை. அப்பா இதைக் கல்லூரித் துறைத்தலைவருக்கும் அனுப்பியிருந்தார். அவர் துறைக் குழுவில் போட்டு வாழ்த்தியிருந்தார்.

"ஆன்ட்டி, எங்க ஊர்ல பேசுறதுன்னா கதைக்கிறதுன்னு உங்ககிட்டச் சொன்னேனே!"

"சொன்னனீர்தான்."

"நல்லாப் பேசினாங்கன்னா, நல்லவிதமா, பாராட்டிப் பேசினாங்கன்னு அர்த்தம்!"

செல்வமலர் வாயில் கை வைத்தாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன கண்டன்? நான் தமிழிலதானே சொன்னனான்!"

ஆறிப்போன சொதியைத் தூக்கி மறுபடி அடுப்பில் வைத்தாள் செல்வமலர். அம்மாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஸ்நேகா மூன்று தடவை போனை எடுத்தாள். லட்டு டப்பாவோடு நின்ற அப்பாவின் முகம் எதிரில் வந்தது. அந்தச் சட்டை தீபாவளிக்கு எடுத்தது. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

புதன்கிழமை மத்தியானம் மகிழனைப் பிடித்தாள். தாடிக்காரர் ஒருவரின் சிலைக்குக் கீழே உட்கார்ந்து அவன் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டான்.

"லூசா நீ? ஒத்துக்கோ. ஒரு எக்ஸாம் போனாப் போகுது. காலேஜுக்குத் தெரியாது, உங்கப்பாவுக்குத் தெரியாது. ஸாரி சொல்லிட்டு வந்துரு."

"அந்த ஸாரியாலதான்டா இங்க நிக்கிறேன்."

"நீ காப்பியடிக்கலன்னு எப்படி நிரூபிப்ப? ஒன்றரைப் பக்கம் அப்படியே இருக்கு. இவனுங்க ஊர்ல ஒருத்தனும் நம்ப மாட்டான்."

மகிழன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. நூலகத்தில் உட்கார்ந்து, 'செய்ததை ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுத ஆரம்பித்தாள். 'அனுமதி இல்லாத உதவியைப் பயன்படுத்தினேன்' என்ற இடத்தில் விரல் நின்றது. என்ன உதவி? நிலக்கீழ் அறையில் ஹீட்டர் பக்கத்தில் நடந்து நடந்து, வாய்க்குள் முணுமுணுத்து, உருத்திரமூர்த்தியே எழுந்து வந்து "பிள்ளை மந்திரம் ஓதுதோ?" என்று கேட்கும் அளவுக்குப் படித்தாளே, அதுவா? திருடாத திருட்டுக்குக் கையெழுத்துப் போட அவளால் முடியவில்லை. பயம் போய் ஆத்திரம் வந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போயாயிற்று, இனி சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன? எழுதியதை அழித்தாள். 'நான் ஏமாற்றவில்லை. வெள்ளிக்கிழமை வருகிறேன்' என்று இரண்டே வரி அனுப்பினாள்.

வியாழக்கிழமை அந்த வருஷத்து முதல் பனி விழுந்தது. மற்ற நாளாக இருந்தால் ஓடிப்போய் வீடியோ எடுத்திருப்பாள். இப்போது தன் தரப்பை இங்கிலீஷில் எழுதி, வழக்கம்போல் நடந்து நடந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஆமாம், மனப்பாடத்தால் வந்த வழக்குக்கு மனப்பாடமாகவே வாதம். பழக்கம் லேசில் போகுமா?

செல்வமலர் படியில் நின்று தயங்கினாள். "பிள்ளை, நான் நாளைக்கு லீவு போட்டிட்டு வரட்டே? தேத்தண்ணி குடுத்தது நான்தானெண்டு அவையளிட்டச் சொல்லுறன். பிரெஞ்சில சொல்லுவன்."

"வேணாம் ஆன்ட்டி," என்றாள் ஸ்நேகா. ஆனால் அந்த நாள் முழுவதும் அவளுக்குக் கிடைத்த ஆறுதல் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை விசாரணை அறையிலும் ஒரு தாடி ஓவியம் இருந்தது. அதற்குக் கீழே விசாரணை அதிகாரி. நரைத்த மீசை, ஸ்நேகாவின் வாயில் நுழையாத பிரெஞ்சுப் பெயர், பொறுமையான இங்கிலீஷ். அவருக்குப் பக்கத்தில் புரொஃபசர் ஹார்ட்லி. மேசையில் அந்த விடைத்தாளும் அந்தப் புத்தகமும் இருந்தன.

"உன் பக்கத்தைச் சொல்," என்றார் அதிகாரி.

ஸ்நேகா எழுந்து நின்றாள். உட்கார்ந்தே பேசலாம் என்றார்கள். உட்கார்ந்தால் வராது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மரியாதைக்குரிய ஐயா, மரியாதைக்குரிய அம்மையீர். என் பெயர் ஸ்நேகா செல்வராஜ். நான் சென்னையிலிருந்து வந்திருக்கிறேன். கடந்த மாதம் நடந்த இடைத்தேர்வில்…"

"ஒரு நிமிஷம்," என்று குறுக்கிட்டார் அதிகாரி. "எத்தனை மணிக்கு வெளியே போனாய்?"

ஸ்நேகா நிறுத்தினாள். பதில் சொன்னாள். பிறகு விட்ட இடத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை. மூச்சை இழுத்துவிட்டு, "மரியாதைக்குரிய ஐயா, மரியாதைக்குரிய அம்மையீர். என் பெயர் ஸ்நேகா செல்வராஜ்," என்று ஆரம்பித்தாள்.

இன்னும் நாலு வரி போனதும் அதிகாரி மறுபடியும் ஏதோ கேட்டார். மறுபடியும் பதில். மறுபடியும் "மரியாதைக்குரிய ஐயா". அதிகாரி மீசையைத் தடவினார். ஸ்நேகாவின் காது மடல் சூடாகியது.

புரொஃபசர் ஹார்ட்லி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தார். புத்தகத்தை எடுத்து, நாலாம் அத்தியாயத்தை விட்டுவிட்டு இரண்டாம் அத்தியாயத்தைத் திறந்தார். ஒரு பத்தியின் நடுவிலிருந்து ஒரு வாக்கியத்தை வாசித்தார். "இதற்கு அடுத்து என்ன?"

ஸ்நேகா யோசித்தாள். தெரிந்த வாக்கியம்தான். ஆனால் அடுத்தது வரவில்லை. தலைகீழாகச் சொல்வேன் என்று பீற்றிக்கொள்கிறவர்கள் எல்லோரையும் நடுவிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னால் சங்கதி தெரிந்துவிடும். "மேடம், அந்தப் பத்தியோட முதல் வார்த்தை மட்டும் சொல்லுங்க," என்று கெஞ்சினாள்.

புரொஃபசர் முதல் வார்த்தையைச் சொன்னார்.

அவ்வளவுதான். குழாயைத் திறந்துவிட்டதுபோல் கொட்டியது. குரல் தானாகப் பள்ளிக்கூட ராகத்துக்குப் போனது, உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. 'படம் 2.1ஐப் பார்க்க' என்ற இடம் வந்தபோது அதிகாரி தன்னையறியாமல் புத்தகத்துக்குள் எட்டிப் பார்த்தார். படம் இருந்தது. "போதும், போதும்," என்றார். ஸ்நேகா நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பவும் முதலிலிருந்து வரவேண்டும் என்ற பயம். பத்தி முடிந்த பிறகுதான் வாயை மூடினாள்.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. இந்தப் பெண்ணுக்குக் கைபேசி எதற்கு? ஏமாற்று எதுவும் நடக்கவில்லை." கோப்பை மூடினார்.

ஸ்நேகாவின் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் புரொஃபசர் சிரிக்கவில்லை.

"உன்மேல் சந்தேகப்பட்டதற்கு நான் வருந்துகிறேன். முதலில் உன்னைக் கேட்டிருக்க வேண்டும்," என்றார். "ஆனால் அந்தக் கேள்விக்கு மதிப்பெண் போட முடியாது. அது புத்தகம் எழுதிய விடை. நகரத்தில் மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்று நான் உன்னிடம்தான் கேட்டேன். நீ என்ன பார்த்திருக்கிறாய்?"

"எங்க வீட்டுக்குள்ள வந்திருக்கு மேடம்," என்றாள் ஸ்நேகா. மனப்பாடம் இல்லாமல் அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் அது.

"வெள்ளமா?"

"ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல. அஞ்சாங்கிளாஸ் படிச்சேன்."

புரொஃபசர் பேனாவை வைத்தார். "சொல்."

இங்கிலீஷ் தடுக்கியது, இலக்கணம் கவிழ்ந்தது. ஆனாலும் சொன்னாள். முதல் நாள் தெருவில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. எல்லோரும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்போது பாத்ரூமில் குபுகுபுவென்று சத்தம் கேட்டது. தரையில் இருக்கிற ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது. அப்பா ஓடிப்போய் அம்மிக்கல்லைத் தூக்கி அதன்மேல் வைத்தார். கல்லைச் சுற்றிக்கொண்டு வந்தது. மாடி வீட்டுக்காரர்கள் ஏணி இறக்குவதற்குள் ஸ்விட்ச் போர்டு வரைக்கும் ஏறிவிட்டது. அம்மா அவளுடைய ரேங்க் கார்டுகளை மட்டும் பிளாஸ்டிக் பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

"உங்கள் தெரு எங்கே இருக்கிறது? தாழ்வான இடமா?"

"லேக் வியூ நகர்னு பேர் மேடம். ஏரி தெரியும்னு சொல்லி வித்தாங்க. ஏரிக்குள்ளதான் வீடுன்னு சொல்லல, அப்படின்னு அப்பா சொல்வாரு."

அதிகாரி மூடிய கோப்பின்மேல் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதை ஏன் நீ எழுதவில்லை?" என்றார் புரொஃபசர். அவர் குரலில் முதல் தடவையாக ஒரு தவிப்பு இருந்தது.

ஸ்நேகாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "அது புத்தகத்துல இல்லையே மேடம்."

அவளுக்கே அது காதில் விழுந்தது. சொன்னது தன் வாய்தானா என்றிருந்தது. இத்தனை வருஷப் பரீட்சைகளில், பாத்ரூம் ஓட்டையை எழுதலாம் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவளும் நினைத்ததில்லை. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. புத்தகத்தை நாலாம் அத்தியாயத்துக்குத் திருப்பிப் படம் 4.2ஐப் பார்த்தாள். அதை அவள் ஒழுங்காகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"மேடம், இதுல அம்புக்குறியெல்லாம் வீட்டைவிட்டு வெளியே போகுது. எங்க வீட்டுல உள்ள வந்துச்சு."

"வரைந்து காட்டு," என்று பேனாவை நீட்டினார் புரொஃபசர்.

விடைத்தாளின் பின்பக்கத்திலேயே வரைந்தாள். ஏரி, ரோடு, வீடு, குழாய், அம்மிக்கல், அம்புக்குறிகள். புரொஃபசர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, இந்தக் குழாய் எங்கே போய்ச் சேருகிறது, ஏரி எத்தனை உயரத்தில் இருக்கிறது, முதலில் எந்த வீட்டில் வந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாள். அதிகாரி ஓசைப்படாமல் எழுந்து போய்விட்டார். கடைசியில் புரொஃபசர், "செமஸ்டர் கட்டுரைக்கு இதுதான் உன் தலைப்பு. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுது, பிறகு திற," என்று சொல்லி அனுப்பினார்.

வெளியே பனி காலடியில் நொறுங்கியது. மெட்ரோவில் உட்கார இடம் இருந்தும் ஸ்நேகா கடைசி ஸ்டேஷனான ஆங்கிரிஞோன் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.

செல்வமலர் கதவைத் திறந்த கையோடு, "என்னவாம் பிள்ளை? பேசினவவோ, கதைச்சவவோ?" என்றாள். கையில் அதே அகப்பை.

"கதைச்சாங்க ஆன்ட்டி," என்றாள் ஸ்நேகா. "நிறைய கதைச்சாங்க."

"அம்மாளாச்சி!" என்று செல்வமலர் நெஞ்சில் கை வைத்தாள். டிவிக்கு முன்னால் உருத்திரமூர்த்தி கண்ணைத் திறந்து, "ஆர் கதைச்சது?" என்று கேட்டுவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

ஸ்நேகா சப்பாத்தைக் கழற்றிவிட்டு படிக்கட்டில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டாள். சென்னையில் சனிக்கிழமை விடிந்துகொண்டிருந்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் அம்மா.

"ஏன்டி, நாலு நாளா எங்க போயிட்ட? புரொஃபசர் மறுபடியும் பேசினாங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய்யும் இல்லை. லட்டும் காப்பாற்றப்படும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இதுவும் ஸாரி மாதிரிதான், ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள்.

"அம்மா, திங்கக்கிழமை அவங்க பேசலம்மா. திட்டினாங்க. அரைமணி நேரமும் திட்டுதான். நான் காப்பியடிச்சேன்னு நினைச்சுட்டாங்க. செல்வமலர் ஆன்ட்டி ஊர்ல பேசுறதுன்னா திட்டுறது. இன்னைக்குத்தான் எல்லாம் தீர்ந்துது. இன்னைக்குத்தான் நிஜமாவே பேசினாங்க."

மறுமுனையில் குக்கர் விசில் கேட்டது. அப்பா ஏதோ கேட்பதும், அம்மா "சும்மா இருங்க" என்று அடக்குவதும் கேட்டது.

"என்னடி பேசினாங்க?" என்றாள் அம்மா மெதுவாக.

"நம்ம பாத்ரூமைப் பத்தி. அப்பா அம்மிக்கல்லைத் தூக்கி வச்சாரே, அதைப் பத்தி. ஒரு மணி நேரத்துக்கு மேல கேட்டாங்கம்மா."

"கனடாக்காரியா? நம்ம அம்மிக்கல்லையா?" அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. "அப்ப உங்கப்பா திட்டு வாங்கினதுக்கா ஊரெல்லாம் லட்டு குடுத்தாரு?"

"குடுத்தது குடுத்ததாவே இருக்கட்டும்மா," என்றாள் ஸ்நேகா. "இன்னைக்குக் கணக்குல வச்சுக்கோங்க."